பனிச்சறுக்குப் பந்தயமும் அரம் பிடிக்கும் கையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்கால ஒலிம்பிக் நடக்கும்போதெல்லாம் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பதக்கப் பட்டியல் தவறாமல் வருகிறது. அந்தப் பதக்கங்களுக்காகப் பந்தயத்துக்கு முந்தைய இரவு பட்டறையில் சறுக்குப் பலகையின் எஃகு விளிம்பைத் தீட்டும் வேலையைப் பற்றியும் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பத்தோரு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும்.

ஜப்பானில் படிக்கும் என் பேத்தி, ஒற்றைப் பலகையில் நின்று பனிச்சரிவில் இறங்கும் ஸ்னோபோர்டு விளையாட்டில், பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் என்னும் பிரிவில் போட்டியிடுகிறாள். சிவப்பு, நீலம் எனக் குறித்த இரு தடங்களில் இருவர் ஒரே நேரத்தில் கொடிகளைச் சுற்றி இறங்கும் இப்போட்டி, 2002-ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. சென்ற விடுமுறையில் அவள் தன் பலகையையும் கொண்டுவந்து, பொருளை இறுக்கிப் பிடிக்கும் என் பழைய வைஸில் பொருத்தி, விளிம்பைத் தீட்டினாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

பலகையின் ஓரத்தில் ஓடும் எஃகு விளிம்பு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். அதன் அடிப்புறத்தை அரை டிகிரியோ ஒரு டிகிரியோ மேல்நோக்கிச் சாய்த்து, பக்கவாட்டை 88 அல்லது 87 டிகிரிக்கு அராவுகிறார்கள். பந்தயத் தடத்தில் தண்ணீர் பாய்ச்சிப் பனியைக் கல்லாக உறையவைப்பதால், வளைவில் உடலின் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்பது இந்த மெல்லிய எஃகுதான். பக்கவாட்டுக் கோணம் குறையக் குறையப் பிடிப்பு கூடும். ஆனால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும்.

ஓரிடத்தில் அரம் கீச்சிட்டு வழுக்கியது. "கல்லில் அடிபட்ட இடம், தாத்தா" என்றாள். அடிபட்டு இறுகிய எஃகில் அரத்தை அழுத்தினால் கெடுவது அரத்தின் பல்தான் என்பது, நான் தொழில் பழகுநராகச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்ற பாடம். அவளும் அரத்தை வைத்துவிட்டு, வைரத்தூள் பதித்த தீட்டுக்கல்லை நனைத்துத் தேய்த்து, அந்த இறுக்கம் போன பிறகே மீண்டும் அரத்தை எடுத்தாள். பிசிரை நீக்கியதும் விரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்த்தாள். நகத்திலிருந்து வெண்தூள் சுரண்டி வந்தது. அதுதான் கூர்மைக்குச் சோதனை.

இந்தப் பொறுமையை அவள் பட்டுத்தான் கற்றாள். முன்பொருமுறை அங்குள்ள கடையொன்றில் கொடுத்தபோது, அடிப்புறக் கோணத்தை அளவுக்கு மீறி அராவிவிட்டார்கள். பலகை வளைவுக்குத் தாமதமாகவே இணங்க, மூன்றாவது கொடியிலேயே விழுந்தாள். பக்கவாட்டில் பிழை நேர்ந்தால் மறுபடி அராவிக்கொள்ளலாம். அடிப்புறத்தில் நேர்ந்தால் பலகையின் அடிப்பரப்பு முழுவதையும் சாணை பிடித்தாக வேண்டும். அன்றுமுதல் அவள் பலகையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. விடியலில் மலையேறிப் பகலெல்லாம் பயிற்சி செய்துவிட்டு, இரவில் இரண்டு மணி நேரம் அரமும் மெழுகுமாக இருக்கிறாள்.

2018-இல் பியோங்சாங்கில் செக் வீராங்கனை எஸ்டர் லெடெட்ஸ்கா, சூப்பர்-ஜி என்னும் அதிவேகப் பனிச்சறுக்குப் பந்தயத்தை வென்றது 0.01 விநாடி வித்தியாசத்தில். அதே போட்டிகளில் ஸ்னோபோர்டிலும் தங்கம் பெற்றார். நூறில் ஒரு பங்கு விநாடியில் முடிவாகும் விளையாட்டில் விளிம்பைப் பற்றி எழுதாமல் விடுவது சரியல்ல என்பது என் கருத்து.

பனியே இல்லாத நாட்டுக்கு இது எதற்கு என்று கேட்போர் உண்டு. அதே 2018-இல்தான் ஜெஃப்ரி வெப், ஜூலியன் யீ ஆகிய இருவர் வழியாக மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கால்பதித்தது. மேலும், அரம் பிடித்துப் பழகும் நம் தொழிற்கல்வி மாணவர்களுக்கு இந்த வேலை எளிதில் கைவரும். இப்படியொரு தொழில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நம் ஈரக்காற்றில் மூன்றே நாளில் அந்த விளிம்பில் துரு பூத்ததையும், ஊர் திரும்புமுன் பேத்தி அதைத் துடைத்து மெழுகால் மூடியதையும் கண்டேன்.

தங்கள் செய்தியாளர் இதுபற்றிக் கட்டுரை எழுத முன்வந்தால், என் வைஸும் அரங்களும் வீட்டில் தயாராகவே உள்ளன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
செந்தூல், கோலாலம்பூர்.