மெல்போர்னிலிருந்து அப்புச்சிக்கு

மெல்போர்ன்
ஜூலை, ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அப்புச்சிக்கும் அம்மாயிக்கும்,

பேத்தி எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நான் இங்கே சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். இதை அம்மாதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். அம்மா, நடுவில் உங்களைப் பற்றி வருகிற இடத்தை முழுங்காமல் வாசியுங்கள்.

போன வாரம் போனில் அப்புச்சி கேட்டீர்கள்: "அங்க கோயிலுக்குப் போறியா கண்ணு? ஊழியம் ஏதாச்சும் பண்றியா?" பஸ் வந்துவிட்டது. "போறேனுங்க அப்புச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது கேள்வி பஸ் ஸ்டாப்பில் நின்று பதில் சொல்கிற கேள்வி இல்லை. சைக்கிளில் சென்னிமலை, காங்கயம், பெருந்துறை என்று ஊர் ஊராகப் போன உபதேசியாருக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் நன்றாக இருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கோயில். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு யுனைட்டிங் சர்ச் இருக்கிறது. இந்த நாட்டு மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் சபைகளும் பிரஸ்பிட்டேரியன் சபையில் பெரும்பகுதியும் 1977 ஜூன் 22-ல் ஒன்றாகச் சேர்ந்து உண்டான சபை. 1947 செப்டம்பர் 27-ல் நம்ம தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உண்டான மாதிரியேதான், முப்பது வருஷம் பிந்தி. அதில் காங்கிரிகேஷனல் சபையைக் கவனியுங்கள். லண்டன் மிஷனைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தச் சபைக்காரர்கள். மீனாட்சி சுந்தரனார் சாலை என்று பெயர் மாற்றியும் நாம் விடாமல் பிரப் ரோடு என்கிறோமே, அந்தப் பிரப் ஐயரை லண்டன் மிஷன் ஊழியராக ஈரோட்டுக்கு அனுப்பியது இந்த ஆஸ்திரேலியாதான். ஆராதனை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் இதைச் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஈரோட்டில் அவர் பெயரில் ஒரு பெரிய கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது என்றதும் ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊர் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லி ஆராதனைத் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

இங்கே இடம் நிறையவே கிடைக்கும். இருபது பேர் வந்தால் நல்ல கூட்டம், அதிலும் என்னைத் தவிர எல்லாரும் எழுபது தாண்டியவர்கள். "அது கிறிஸ்தவ நாடுதானே" என்று அம்மாயி சொல்வீர்கள். 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 43.9 சதவீதம், மதம் எதுவும் இல்லை என்று எழுதியவர்கள் 38.9 சதவீதம். அதற்கு ஐந்து வருஷம் முந்திதான் கிறிஸ்தவர்கள் பாதிக்கு மேல், 52.1. கிறிஸ்மஸ் முடிந்த கையோடு கடையில் சிலுவை போட்ட பன் விற்பனைக்கு வந்துவிடுகிறது, பெரிய வெள்ளிக்கு அரசு விடுமுறையும் உண்டு. ஆனால் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்க உட்கார்ந்திருக்கிறார்களா என்றால், கடற்கரைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

அதே கட்டிடத்தில் பிற்பகல் சமோவாக்காரர்கள் கூடுகிறார்கள். பசிபிக் தீவு ஜனங்கள். அவர்கள் பாட ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், குழந்தைகள் வெள்ளை உடுப்பில் முன்வரிசையில் நிற்கும். அவர்களில் ஒரு அக்காவோடு பேசியபோது ஒரு விஷயம் தெரிந்தது. லண்டன் மிஷனின் ஜான் வில்லியம்ஸ் ஐயர் கப்பலில் போய்ச் சமோவாவில் இறங்கியது 1830. அதே மிஷனின் அடிஸ் ஐயர் கோயமுத்தூரில் வந்து வேலையை ஆரம்பித்ததும் 1830. ஒரே வருஷத்துப் பிள்ளைகள் நாம் என்று அந்த அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து அவர்கள் விருந்துக்கு நான் அரிசிம்பருப்பு சாதம் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டது. (அம்மா, கொள்ளு ரசமும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அது போணியாகவில்லை.)

காலை ஆராதனையில் சத்தமே இருக்காது. மைக் அலறாது, யாரும் கை தட்ட மாட்டார்கள், கண்ணீர் விட மாட்டார்கள். ஜெபத்துக்கு நடுவில் இரண்டு நிமிடம் சும்மா இருப்பார்கள். நம்ம ஊர்க் கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது செத்த சபை என்றுதான் தோன்றும். இங்கே இருக்கிற நம்ம ஆட்கள் சிலர் வாய்விட்டே அப்படிச் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கைவிரல் வளைந்துபோன, முழங்கால் ஆபரேஷன் பண்ணின இந்தக் கிழவர்கள்தான் வியாழக்கிழமைதோறும் கோயில் ஹாலைத் திறந்து, மேசை போட்டு, இல்லாதவர்களுக்கு அரிசி, பால் பவுடர், டின் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்கள். குளிரோ மழையோ, ஒரு வியாழனும் நிற்காது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு ஹீட்டரும் இரண்டு கம்பளியும் கொண்டுவந்து வைத்ததும் அவர்களே. நாம் சத்தத்தை வைத்து அனலை அளந்து பழகிவிட்டோம்.

அவர்களிடம் குறை இல்லாமலும் இல்லை. இனிமேல் பிள்ளைகள் வருவார்கள் என்ற எண்ணத்தையே அவர்கள் விட்டுவிட்டார்கள். கோயிலை மூடுவது எப்போது என்பதைக் கமிட்டியில் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள். ஆண்டவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைப்பார்களோ என்னமோ, பெரிதாக எதையும் கேட்பதில்லை.

கேட்பதில் நம்ம ஆட்களை மிஞ்ச முடியாது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு தமிழ் ஐக்கியக் கூட்டத்துக்குப் போகிறேன். பாட்டு, வசனம், பிரியாணி எல்லாம் அருமை. ஆனால் கர்த்தர் செய்ததை எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்தால் விசா கிடைத்தவர், வீடு வாங்கியவர், பிள்ளை மார்க் வாங்கியவர் மட்டும் எழுந்திருக்கிறார்கள். போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து நின்றார். நிரந்தரமாகத் தங்குகிற விசாவுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர். "இந்தத் தடவையும் வரலைங்க. கர்த்தர் நல்லவர்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கை தட்டுவதா, அழுவதா? பின்வரிசையில் இருந்த யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர் மட்டும் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி "ஆமென்" என்றார். வீடு, ஊர் எல்லாம் விட்டு வந்தவர். அவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. நான் இந்த நாட்டில் கேட்ட சாட்சிகளில் அந்தத் தம்பியுடையதுதான் பெரிய சாட்சி.

இனி ஊழியம். அப்புச்சி, நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். நானாகப் போய் மதத்தைப் பற்றிப் பேசக் கூடாது. கைப்பிரதி கொடுக்கக் கூடாது, கேட்காதவருக்காகப் பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபிக்கக் கூடாது. அது சரி என்றுதான் நினைக்கிறேன். படுக்கையை விட்டு எழுந்து போக முடியாத ஒருவரிடம் பேசுவது உங்கள் கிராமத்துத் திண்ணையில் பேசுவது போல இல்லை. திண்ணையில் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம்.

ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிடம் நேரடிக் கவனிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸுடையது என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. அந்த 44 நிமிடத்துக்குள் மாத்திரை, ஊசி, புண்ணுக்குக் கட்டு, எழுத்து வேலை எல்லாம் அடங்க வேண்டும். என் ஊழியமும் அதற்குள்தான். அறைக்குள் போகுமுன் கதவில் கை வைத்து, மனதுக்குள் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். உள்ளே போனால் தண்ணீரின் சூடு சரியா என்று என் முழங்கையில் பார்த்துவிட்டுத்தான் அவர் உடம்பில் படவிடுவேன். அப்புச்சி ஞானஸ்நானத் தொட்டியில் கை விட்டுப் பார்ப்பீர்களே, அதைப் பார்த்துக் கற்றதுதான்.

ஒரு பாட்டி இருக்கிறார். பெயர் எழுதக் கூடாது. தொண்ணூறு தாண்டியவர், மெதடிஸ்ட் குடும்பம், மறதி நோய். மகன் வந்தால் யாரென்று தெரியாது. ஆனால் பரமண்டல ஜெபத்தை முதல் வார்த்தை எடுத்துக் கொடுக்கச் சொல்லி அவரே கேட்பார். எடுத்துக் கொடுத்தால் ஒரு சொல் தவறாமல் கடைசி வரை போவார். ஆமென் சொன்ன கையோடு, டீ ஆறிப்போச்சு, எந்த முட்டாள் கொண்டுவந்தது என்று திட்டுவார். கொண்டுவந்தது நான்தான்.

ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது எங்கள் ஜெபமெல்லாம் ஒன்றே ஒன்று: எழுப்பிவிடும் ஆண்டவரே. பெரும்பாலும் எழுந்தும் போனார்கள், ஆப்பிள் பையோடு சொந்தக்காரர்கள் வந்து ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். இங்கே யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. எல்லாருக்கும் இதுதான் கடைசி முகவரி. அப்படியானால் எதை நம்பிக்கையோடு கேட்பது என்ற கேள்வி வந்த புதிதில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பயமில்லாமல் போகட்டும், வலியில்லாமல் போகட்டும் என்று கேட்கிறேன், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை விசுவாசப்பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்கிறோம். ஊரில் அந்த இடத்தில் வாய் தானாக ஓடும். அந்த வாரம் ஒரு உடம்பைக் கடைசியாகத் துடைத்து, தலை சீவி, வெள்ளைத் துணி போர்த்திவிட்டுக் கோயிலுக்கு வந்து நிற்கிறபோது சரீரம் என்ற இடம் அவ்வளவு சுலபமாகத் தாண்டுவதில்லை. நான் துடைத்த இந்தக் கை, இந்தக் கால் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

போன மாதம் ஒரு அம்மா இறந்தார். மகனுக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது, அவரே சொல்லியிருக்கிறார். சாமான்களை எடுக்க வந்தவர் திடீரென்று, "அம்மா எங்கேயாவது இருப்பார் என்று நினைக்கிறீர்களா?" என்றார். கேட்டால் பதில் சொல்லலாம். "இருப்பார், ஒருநாள் எழுந்தும் வருவார் என்று நம்புகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், அம்மாவின் ஸ்வெட்டர்களை யாருக்காவது கொடுக்க முடியுமா என்று கேட்டார். வியாழக்கிழமை மேசையைப் பற்றிச் சொன்னேன். கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அப்புச்சி கேட்ட ஊழியத்துக்கு என்னிடம் இருக்கிற கணக்கு இவ்வளவுதான்.

உங்கள் குடும்ப ஜெபத்தில் கலந்துகொள்ள முடியாததுதான் குறை. நீங்கள் எட்டு மணிக்குப் பாய் விரித்து உட்காரும்போது இங்கே பன்னிரண்டரை, காலை ஷிப்டுக்கு ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அதனால் அம்மா பதிவு செய்து அனுப்புகிறார்கள், மறுநாள் ரயிலில் கேட்கிறேன். அம்மா, இதுதான் அந்த இடம்: வசனம் வாசிக்கும்போது குக்கர் விசில் வருகிறது, பாதி வசனத்தில் எழுந்து போய் அடுப்பை அணைக்கிறீர்கள், செருப்புச் சத்தம் எல்லாம் கேட்கிறது. தயவுசெய்து இதை மாற்ற வேண்டாம்.

போன வாரம் ரோமர் 12 வந்தது. ஆவியிலே அனலாயிருங்கள் என்கிற வசனத்தைக் கூட்டப் பேனர்களில் தனியாக எழுதி வைப்பார்கள். பவுல் அதைத் தனியாக விடவில்லை. நம்பிக்கையிலே சந்தோஷம், உபத்திரவத்திலே பொறுமை, ஜெபத்திலே உறுதி, குறைவில் இருக்கிறவர்களுக்கு உதவி, அந்நியரை உபசரிப்பது என்று அடுத்தடுத்து வருகிறது. இந்த ஊரில் அந்த அந்நியர் நான். ஹீட்டர் கொண்டுவந்தவர்கள் வசனத்தைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜெபமே வராத நாட்களும் உண்டு. டபுள் ஷிப்ட் முடிந்து வந்தால் "ஆண்டவரே" என்பதற்குமேல் ஒன்றும் ஓடாது. அப்போதெல்லாம் அப்புச்சி கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் சைக்கிளை நிறுத்திச் சொன்னது ஞாபகம் வரும்: தண்ணி விடாத மாசத்துலதான் கண்ணு வாய்க்காலைத் தூர் வார முடியும். அதனால் ஒன்றும் தோன்றாத நாளிலும் ரயிலில் அம்மாவின் பதிவைப் போட்டுக் காதில் வைத்துக்கொள்கிறேன்.

மற்றவை: அப்புச்சி கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அம்மாயி, சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்டு எனக்குச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். அதில் பாதி அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு. என் பெயரில் வாழைத்தாரும் மஞ்சளும் எடுங்கள். தாரைக் கோயில் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள், மஞ்சளை எனக்கு அனுப்புங்கள், அந்தச் சமோவா அக்காவும் கேட்டிருக்கிறார். சித்தப்பா வழக்கம் போல ஏலத்தை ஏற்றிவிட்டு நடுவில் நழுவப் பார்ப்பார், விடாதீர்கள்.

உங்கள் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளும்போது சாட்சி சொன்ன அந்தத் தம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புப் பேத்தி