புதிதாக வந்திருக்கும் ஸ்லோவாக்கியப் பெடியனைப் பற்றி, எங்கள் ஊர் ஜூனியர் ஐஸ் ஹொக்கி அணியின் நிர்வாகத்துக்கு

பொது மேலாளர் அவர்களுக்கும், தலைமைப் பயிற்றுநர் அவர்களுக்கும், அணியின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்தக் கோடையில் நடந்த இம்போர்ட் ட்ராஃப்டில், அதாவது கனடிய ஜூனியர் அணிகள் வெளிநாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஸ்லோவாக்கியப் பெடியன் ஒருவனை எடுத்திருக்கிறீர்கள். பதினேழு வயது, தடுப்பாட்டக்காரன். செய்தி வந்த அன்று சீசன் ரிக்கெற் வைத்திருக்கும் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். போன பருவத்தில் நம் பின்வரிசை எவ்வளவு ஓட்டையாக இருந்தது என்பதைக் கோலுக்குப் பின்னால், மூலைப் பக்கத்து இருக்கைகளில் இருந்து பார்த்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் வெறும் வாழ்த்தோடு நிறுத்த மனமில்லை. சில வருடங்களுக்கு முன்னும் இப்படித்தான் ஓர் ஐரோப்பியத் தடுப்பாட்டக்காரனைக் கூட்டி வந்தீர்கள். ஒக்டோபர் முடிவதற்குள் அவனை மிகக் குறைவாக ஆடும் மூன்றாவது தடுப்பு ஜோடிக்கு இறக்கினீர்கள். நவம்பரில் பல ஆட்டங்களுக்கு ஆட விடாமல், கோட்டும் ரையுமாக மேலே பார்வையாளர் பக்கம் உட்கார வைத்தீர்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு இந்த இடம் ஒத்துவரவில்லை என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டீர்கள். ஒத்துவரவில்லையா, ஒத்துவர விடவில்லையா என்பதுதான் எங்கள் கேள்வி.

(இதே மடல் ஆங்கிலத்திலும் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. உங்கள் அரீனாவுக்குப் பிள்ளைகளோடு வரும் தமிழ்க் குடும்பங்களும் வாசிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.)

அந்தக் குடும்பங்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. "இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இடமில்லை, கடல் கடந்து ஆள் எடுக்கிறார்கள்" என்று இடைவேளையில் கோப்பி வரிசையில் நின்று அலுத்துக்கொள்பவர்களின் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. விடிய முதல் பயிற்சிக்கு ஏற்றி இறக்கி, ஸ்கேற்றுக்கும் ஸ்ரிக்குக்கும் கொட்டிய காசு அப்படி. ஒரு சூட்கேசோடு வந்திறங்கிய நாங்களே இதைச் சொல்வது வேறு கதை, விடுங்கள். ஓர் அணிக்கு இரண்டு ஐரோப்பியர் என்பதுதான் நம் ஒன்ராறியோ லீக்கும் அடங்கும் கனடிய ஹொக்கி லீக்கில் நெடுங்காலம் இருந்த அளவு. ஓர் ஆட்டத்துக்கு உடை மாற்றி இறங்குபவர்கள் 20 பேர். உள்ளூர்ப் பிள்ளையின் வழியை அடைப்பது அந்த இரண்டு இடங்கள் அல்ல. கனடியக் கோல்காப்பாளர்களை வளர்க்கிறோம் என்று 2014இலிருந்து ஐரோப்பியக் கோல்காப்பாளர்களை ட்ராஃப்டில் எடுக்கவே விடாமல் தடை போட்டுப் பார்த்தார்கள். 2018இல் அந்தத் தடையை லீக்கே எடுத்துவிட்டது. ஆகவே அவனை ஏன் கூட்டி வந்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கூட்டி வந்தபின் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

ஐரோப்பாவில் இந்தப் பெடியன்கள் வளரும் ரிங்குகள் (பனி ஆடுகளங்கள்) பலவும் 30 மீற்றர் வரை அகலம். இங்கே 85 அடி, அதாவது 26 மீற்றருக்கும் ஒரு மயிரிழை குறைவு. நான்கு மீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் பின்வரிசையில் நிற்பவனுக்கு அந்த நான்கு மீற்றரில்தான் மூச்சு விடும் நேரமே இருந்தது. எதிராளி எவ்வளவு தூரத்தில் வரும்போது பின்வாங்குவதை நிறுத்தி முகம் கொடுக்க வேண்டும், பலகையோரம் எந்தக் கோணத்தில் மறிக்க வேண்டும் என்று ஏழெட்டு வயதிலிருந்து உடம்பில் ஊறிய கணக்கு முழுவதும் இங்கே பிழைத்துவிடும். திரும்பச் சரியாக்கலாம். அதற்கு மாதங்கள் வேண்டும், ஆட்டங்கள் வேண்டும். மேலே கோட்டும் ரையுமாக உட்கார்ந்து அதைப் படிக்க முடியாது.

அடுத்தது மொழி. எங்கள் மூலையில் உட்கார்ந்தால் இது காதிலேயே விழும். எதிரணி பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) நம் பக்கத்து மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. நம் தடுப்பாட்டக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கை நோக்கி ஓட வேண்டும். இரண்டு, மூன்று விநாடி. பின்னால் யார் வருகிறார், எவ்வளவு கிட்ட வந்துவிட்டார் என்பதை ஒருதரம் தோளுக்கு மேலால் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கோல்காப்பாளரும் ஜோடிக்காரனும் போடும் சத்தத்தை நம்பித்தான். "வீல்" என்றால் பக்கோடு கோலைச் சுற்றி ஓடு. "ரிவேர்ஸ்" என்றால் வந்த வழியே பின்னால் விட்டுவிடு, நான் எடுக்கிறேன். "ஓவர்" என்றால் கோலுக்குப் பின்னால் மறுபக்கம் நிற்கும் எனக்குத் தள்ளு. "ரிம்" என்றால் பலகையோடு சுழற்றி அடி. "மான் ஒன்" என்றால் ஆள் முதுகில் வந்துவிட்டான், அடி வாங்கத் தயாராகு.

ஐந்து சொற்கள். ஐந்து நிமிடத்தில் பாடமாக்கலாம். ஆனால் நாலாயிரம் பேர் கத்துகிற இடத்தில், களைத்துப்போன கோல்காப்பாளர் முகமூடிக்குள்ளிருந்து அரைகுறையாகக் கத்துவது காதில் பட்ட கணத்தில் கால் திரும்ப வேண்டும். தலைக்குள் ஸ்லோவாக்கில் மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றால், அதற்குள் ஒரு தோள் வந்து கண்ணாடியோடு சேர்த்து அமுக்கிவிடும். அன்றைக்கு, முன்பு வந்த அந்தப் பெடியன் அடி வாங்கிய ஒவ்வொரு தடவையும் "மெதுவான கால்" என்று எங்கள் வரிசையில் பேசிக்கொண்டார்கள். எனக்கென்னவோ கால் மெதுவாகத் தெரியவில்லை. ஓர் ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் நம் கோல்காப்பாளர் "ரிவேர்ஸ்" என்று கத்தியும் அவன் பக்கைச் சுமந்துகொண்டு நேரே எதிராளியிடம் போனதை நான் பத்தடி தூரத்தில் பார்த்தேன். கேட்ட சொல் விளங்காதவன் வேறு என்ன செய்வான்?

முன்வரிசைக்காரனுக்கு இந்தத் தொல்லை குறைவு. பக் அவனுடைய ஸ்ரிக்கில் இருந்தால் மிச்சத்தை அவன் கண் பார்த்துக்கொள்ளும். சுவிற்சர்லாந்தின் நீக்கோ ஹிஷியர் 2016இல் ஹலிஃபாக்ஸ் ஜூனியர் அணிக்கு வந்தார், ஒரே பருவம் ஆடினார், 2017இல் வட அமெரிக்காவின் தலைமைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல் ட்ராஃப்டில் முதல் ஆளாகப் போனார். அந்த வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் பின்வரிசைக்காரனிடமும் ஒக்டோபரிலேயே பலன் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இதே ஸ்லோவாக்கியாவின் ட்ரென்சினில் பிறந்த ஸ்டெனோ சாரா 1996இல் பிரின்ஸ் ஜோர்ஜ் கூகர்ஸ் ஜூனியர் அணிக்கு ஆட வந்தார். ஆறடி ஒன்பது அங்குலம், பத்தொன்பது வயது. பிரிற்றிஷ் கொலம்பியாவின் வடக்கே, எங்கே ஆடப் போவதென்றாலும் பல மணி நேரம் பஸ்ஸில் உருள வேண்டிய ஊர். அந்தப் பருவம் முழுக்க அவர் போட்டது மூன்றே கோல். மூன்று கோலைப் பார்த்து யாராவது டிசம்பரில் முடிவெடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவர் 2009இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொரிஸ் கிண்ணத்தையும், 2011இல் பொஸ்ரன் அணித் தலைவராக என்.எச்.எல் சாம்பியனுக்கான ஸ்ரான்லி கிண்ணத்தையும் தூக்கினார். 1,680 என்.எச்.எல் ஆட்டங்கள் ஆடி முடித்து, 2025இல் ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேமுக்குள் போனார்.

அது மேற்கே, அதுவும் பழைய கதை என்பீர்கள். சரி, நம் ஒன்ராறியோ லீக்குக்கே வருவோம். கனடிய ஜூனியர் சாம்பியனைத் தீர்மானிக்கும் 2017 மெமோரியல் கிண்ண இறுதியாட்டம் நினைவிருக்கும். வின்ட்சர் 4, ஈரி 3, இரண்டும் நம் லீக் அணிகள். வின்ட்சரின் பின்வரிசையில் ரஷ்யாவின் மிக்கைல் செர்கச்சேவ். ஈரியின் பின்வரிசையில் ஸ்லோவாக்கியாவின் எரிக் செர்னாக். எதிரெதிராக நின்ற அந்த இரண்டு பேரும் பிறகு ஒரே ராம்பா அணியில் சேர்ந்து 2020இலும் 2021இலும் ஸ்ரான்லி கிண்ணம் வென்றார்கள். நான் சொல்ல வருவது அந்தக் கிண்ணங்களைப் பற்றி அல்ல. அந்த மெமோரியல் கிண்ணத்தில் ஆடியபோது இருவருக்கும் அது இங்கே இரண்டாவது பருவம். நம் லீக்கின் லண்டன் நைற்ஸுக்கு பின்லாந்திலிருந்து வந்த ஒல்லி மாத்தாவும் 2012, 2013 என இரண்டு முறை லீக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். இரண்டாவது பருவத்தைக் காணும் அளவுக்கு வைத்திருந்த அணிகளுக்குத்தான் பலன் கிடைத்தது.

நீங்கள் திருப்பி அனுப்பியவன் எங்கள் தெருவில், வெளியூர் வீரர்களைத் தங்கவைக்கும் பில்லெற் குடும்பமாகப் பெயர் கொடுத்திருந்த ஒரு வீட்டில்தான் தங்கியிருந்தான். நல்ல வீடு, சாப்பாட்டிலோ அன்பிலோ குறையில்லை. ஆட்டம் முடிந்து வந்து இரவு பதினொரு மணிக்கு ஊருக்கு அழைப்பான். அங்கே விடியற்காலை ஐந்து. வேலைக்குக் கிளம்பும் முன் மகனின் முகத்தைப் பார்க்கத் தாய் அந்த நேரத்துக்கு எழுந்திருப்பார். ஆடாத நாட்களிலும் அழைப்பு தப்பாது. "இன்றைக்கு ஏன் இறக்கவில்லை?" என்று தாய் கேட்பதும், இவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததும் அந்த வீட்டுக்காரருக்கு மொழி தெரியாமலே விளங்கியது. உங்கள் பயிற்றுநர்கள் அவனுக்குச் சொன்னதெல்லாம் "தொடர்ந்து உழை" என்பதுதான். எதை உழைப்பது என்று வீடியோவைப் போட்டுக் காட்டி, அவனுக்குப் புரியும் விதமாகச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. 68 ஆட்டப் பருவத்தில், சூ செயின்ற் மரிக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில் அவனோடு அந்த நேரத்தைச் செலவழித்திருக்கலாம்.

இதில் உங்கள் சொந்த நலனும் இருக்கிறது. 2025 ஓகஸ்ட் முதலாந்திகதியிலிருந்து நம் லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியில் ஆடலாம் என்று கதவு திறந்துவிட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் நன்றாக முற்றிய தடுப்பாட்டக்காரர்கள் இனி அந்தப் பக்கம் போவார்கள். பின்வரிசையில் இளசுகள்தான் மிஞ்சும். அப்போது ஐரோப்பாவிலிருந்து வரும் ஒருவன் அலங்காரத்துக்கு அல்ல, தேவைக்கு. ட்ராஃப்டில் பெயர் வாசிக்கும் முன்பே, எந்த ஊருக்குப் பெடியனை அனுப்புவார்கள், எந்த ஊருக்கு அனுப்பமாட்டார்கள் என்று முகவர்கள் பேசி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவனை நடத்திய விதம் அடுத்தவனின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நம்மை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே கேட்கிறேன். இந்தப் பெடியனுக்கு ஒரே ஜோடிக்காரனைக் கொடுங்கள், அவனைக் கிறிஸ்துமஸ் வரை மாற்றாதீர்கள். வாய் ஓயாமல் கத்தும் மூத்த பெடியன் ஒருவன் நம் அணியில் இருக்கிறான், யாரென்று உங்களுக்கே தெரியும். பயிற்சியில் கோல்காப்பாளரையும் இவனையும் தனியே நிறுத்தி அந்த ஐந்து சொற்களையும் சத்தத்தோடு, ஆள் துரத்தலோடு, தினம் பத்து நிமிடம் பழக்குங்கள். தவறு விட்டால் அடுத்த ஷிஃப்ற்றிலேயே, அடுத்த முறை ஆள் மாறும்போதே, திரும்ப இறக்குங்கள். இதனால் ஒன்றிரண்டு ஆட்டம் தோற்கலாம். தோற்போம், பரவாயில்லை, போன பருவம் இதைவிடக் கேவலமான காரணங்களுக்காகத் தோற்றோம். ஜனவரியில் வீரர் மாற்றக் கெடு வரும்போது இவனைப் பண்டமாற்றுக்கு வைக்கமாட்டோம் என்று இப்போதே அவன் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆங்கில வகுப்புக்கும் ஏற்பாடு வேண்டும். புதிதாக வந்த நாங்கள் படித்த லிங்க் வகுப்புகள், அதாவது அரசாங்கத்தின் இலவச மொழி வகுப்புகள், நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கும் உரியவை. ஹொக்கி ஆட வந்த பெடியனுக்கு அங்கே இடம் கிடைக்காது. அணிதான் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டும். அதற்கு நிதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த ஊரில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர்கள் இரண்டு பேரோடு நான் கதைத்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு பின்னேரம் வர இருவருக்கும் சம்மதம். காசு வேண்டாமாம், ஒருவர் மட்டும் கோலுக்குப் பின்னால் இரண்டு இருக்கை கேட்கிறார். பயிற்சி முகாம் தொடங்கும் முன் உங்கள் பதில் வந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வருகிறேன்.

இப்படிக்கு,
சீசன் ரிக்கெற் வைத்திருக்கும் ஓர் இரசிகன்