ஜெயித்த பணம் யாருடைய பணம்?

அன்புள்ள தம்பிக்கு,

ரூமில் பையன்கள் பெட்டிங் ஆப்பில் நுழைவதற்கான ஐடி வாங்கி ஐபிஎல்லுக்கு பெட் கட்டுகிறார்கள், எனக்குத்தான் கிரிக்கெட் அத்துப்படியாச்சே, மாதம் மூவாயிரம் நாலாயிரம் வந்தால் என்ன தப்பு என்று போனில் கேட்டாய். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். கணக்கைக் காட்டினால்தான் உனக்கு மனசு ஒப்பும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சம பலமுள்ள இரண்டு டீம் என்று வைத்துக்கொள். நியாயமான ரேட் என்றால் இரண்டு பக்கமும் 2.00 இருக்க வேண்டும். 100 கட்டி ஜெயித்தால் 200 கைக்கு வர வேண்டும். ஆப் நடத்துகிறவன் இரண்டு பக்கமும் 1.90 போட்டிருப்பான். ஒருத்தன் இந்தப் பக்கம் 100, இன்னொருத்தன் அந்தப் பக்கம் 100 கட்டினால், அவனிடம் சேர்ந்தது 200, ஜெயித்தவனுக்குப் போவது 190. யார் ஜெயித்தாலும் அவனுக்குப் பத்து ரூபாய் நிற்கும். கைக்காசு கரையாமல் இருக்கவே நீ நூற்றுக்கு 53 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். சேப்பாக்கத்தில் பந்து திரும்பும், ராத்திரி பனி இறங்கினால் பின்னால் பேட் செய்கிறவனுக்கு வசதி, இதெல்லாம் உனக்குத் தெரியும். ரேட் போடுகிறவனுக்கும் தெரியும். அதையெல்லாம் சேர்த்துத்தான் அவன் ரேட்டே போடுகிறான்.

ஐபிஎல் சீசனில் 74 ஆட்டம். ஆட்டத்துக்கு ஒரு பெட், ஆயிரம் ரூபாய் என்றால், போட்ட 74,000-இல் நூற்றுக்கு ஐந்து வீதம் சராசரியாக 3,700 போகும். இது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் ஒரே பெட்டோடு எழுந்து போகிறவர்கள் குறைவு. லைவில் ஓவருக்கு ஓவர் ரேட் மாறுவதைப் பார்த்து ஆட்டத்துக்குப் பத்து கட்டினால், அதே ஆயிரம் ரூபாய் பெட்டில் சீசன் முடிவதற்குள் 37,000. லைவில் இன்னொரு சங்கடமும் உண்டு. உன் போனில் மேட்ச் பல விநாடி தாமதமாகத்தான் ஓடுகிறது. ஆப் நடத்துகிறவனுக்கு மைதானத்திலிருந்து பந்துக்குப் பந்து தகவல் முன்பே வந்துவிடும். உன் பெட்டை அவன் சில விநாடி நிறுத்திவைத்து ஏற்பது அதற்காகத்தான்.

செஷன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆறு ஓவரில் எவ்வளவு ரன் என்பதற்கு 'நோ 48, யெஸ் 50' என்று போட்டால், 47-க்குள் அடங்கினால் நோ கட்டியவன் ஜெயிப்பான், 50 தொட்டால் யெஸ் கட்டியவன் ஜெயிப்பான். 48, 49 வந்தால் இரண்டு பேர் காசும் அவனுக்கு.

தோற்றால் அடுத்ததில் டபுளாகக் கட்டி எடுத்துவிடலாம் என்று உன் ரூமில் யாராவது நிச்சயம் சொல்வான். 500, 1000, 2000, 4000 என்று நாலும் போய்விட்டால் 7,500 காலி. ஐந்தாவதில் 8,000 கட்டி ஜெயித்தாலும் 1.90 ரேட்டில் லாபம் 7,200 தான். ஜெயித்த பிறகும் 300 ரூபாய் நட்டம்! இப்படியே டபுளாக்கி ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 63,500. காசு சுண்டுவது போன்ற 74 ஆட்டங்களில் எங்காவது ஓரிடத்தில் அப்படி ஏழு தொடர்ந்து தோற்பதற்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

போனஸும் அப்படியே. ஆயிரம் போட்டால் ஆயிரம் இலவசம், ஆனால் இரண்டும் சேர்ந்த தொகைக்கு 15 மடங்கு விளையாடி முடித்தால்தான் எடுக்க முடியும் என்பான். அதாவது 30,000-க்கு பெட் கட்ட வேண்டும். அதில் ஐந்து சதவீதம் 1,500. இலவசமாக வந்ததைவிட அது அதிகம்.

இதெல்லாம் உண்மையான ஆட்டம் நடந்தால். 2022 ஜூலையில் குஜராத் மெஹ்சானா மாவட்டம் மோலிபூர் கிராமத்தில் போலீஸ் ஒரு கூட்டத்தைப் பிடித்தது. வயலைக் குத்தகைக்கு எடுத்து, விளக்கு போட்டு, விவசாயக் கூலிகளுக்கு ஆட்டத்துக்கு 400 ரூபாய் கொடுத்து, சென்னை, மும்பை, குஜராத் டீம்களின் ஜெர்சியை மாட்டிவிட்டு, ஐபிஎல் என்று யூடியூபில் ஓட்டியிருக்கிறார்கள். பெட் கட்டியவர்கள் ரஷ்யாவில். அங்கே பெட் விழுந்ததும் இங்கே அம்பயருக்கு வாக்கி டாக்கியில் தகவல் வரும். அவர் சைகை காட்டினால் பவுலர் மெதுவாகப் போடுவான், பேட்ஸ்மேன் சிக்ஸ் அடிப்பான். 2013-இல் நிஜ ஐபிஎல்லிலேயே ஸ்பாட் ஃபிக்ஸிங் (காசு வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட ஓவரில் இப்படி ஆடுவேன் என்று முன்கூட்டியே பேசிவைப்பது) புகாரில் வீரர்கள் கைதானதும், அந்த பெட்டிங் விவகாரத்தில் சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டு வருஷம் தடை பெற்றதும் உனக்கே தெரியும்.

இப்போது நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். வங்கி வேலையில் இருப்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

நீ பணம் போடும்போது வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் வரும். அதில் கம்பெனி பெயர் இருக்காது, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் இருக்கும். அடுத்த நாள் வேறு பெயர். எல்லாம் வாடகைக்கு எடுத்த கணக்குகள். ஜெயித்த பணமும் அதே மாதிரிக் கணக்குகளிலிருந்துதான் வரும். அந்தக் கணக்கில் இருப்பது, ஆன்லைன் முதலீடு என்று நம்பி ஏமாந்த யாரோ ஒருவருடைய பணமாக இருக்கலாம். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்ததும், பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ அதையெல்லாம் வங்கிகள் வரிசையாக நிறுத்திவைக்கும். உனக்கு வந்தது 3,000 ஆக இருக்கலாம். சில சமயம் அந்த 3,000-த்துக்கு மட்டும் லீன் போடுவார்கள், அதாவது அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாமல் பிடித்துவைப்பார்கள், சில சமயம் கணக்கே முடங்கிவிடும். சம்பளம் உள்ளே வரும், எடுக்க முடியாது. வாடகை, இஎம்ஐ எல்லாம் நிற்கும். அந்த முடக்கத்தை நீக்க, புகார் பதிவான ஊர் சைபர் போலீசுக்கு, அது வெளிமாநிலமாக இருந்தாலும், விளக்கம் எழுத வேண்டும். பெட்டில் ஜெயித்தேன் என்று எழுதினால் நீயே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி.

தமிழ்நாட்டில் 2022-ஆம் வருஷச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். வீரர்களைத் தேர்ந்தெடுத்து டீம் போட்டு ஆடும் பெரிய ஃபேன்டஸி ஆப்களே அப்போது காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இன்றைக்கும் ஐடி விற்கிறவன் சட்டத்துக்கு வெளியே இருக்கிறவன். அவன் பணம் தராமல் ஓடினால் வழக்கும் போட முடியாது, ஒப்பந்தச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. லண்டனில் சட்டப்படி நடக்கிறதே என்பாய். அங்கே லைசென்ஸ் வாங்கிய கம்பெனிகளும் தொடர்ந்து ஜெயிக்கிறவரின் பெட் தொகையைக் குறைத்துவிடுகின்றன.

யாராவது கமிஷன் தருகிறேன், உன் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் ஒரு மாதம் கொடு என்று கேட்டால், அவன் எவ்வளவு நெருங்கிய நண்பனாக இருந்தாலும் கொடுக்காதே. அப்புறம் வழக்கில் முதல் பெயர் உன்னுடையதாக இருக்கும்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் என்னிடம் மறைக்காதே, நான் திட்டமாட்டேன். போனதை எடுக்கிறேன் என்று இன்னொரு ரூபாய் போடாதே. பணத்தை விடுவிக்க வரி கட்டு என்று கேட்டால் அதையும் கட்டாதே. வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடு, ஒவ்வொரு பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணையும் (வங்கி தரும் அடையாள எண்) எழுதி வை. ப்ளே ஸ்டோரில் இல்லாமல் லிங்க் மூலம் இறக்கிய ஏபிகே (ஆப் ஃபைல்) என்றால் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கியிருக்கலாம், ஓடிபி அதன் வழியாகப் போய்விடக்கூடும். முதலில் அதை நீக்கு, பிறகு யுபிஐ பின்னை மாற்று. ஏமாற்றியிருந்தால் அன்றைக்கே 1930-இல் புகார் கொடு. பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பிடித்தால்தான் உண்டு. லோன் ஆப்பில் கடன் வாங்கியிருந்தால் எவ்வளவு என்று மட்டும் சொல், வழி பார்க்கலாம். ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு மனசு அலைந்தால் 14416-க்குக் கூப்பிடு, அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் ஓய்வு கிடைக்கும். கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து வை, வீடியோ காலில் இரண்டு பேரும் வரிவரியாகப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா