விலையோடு முடியும் கைக்கடிகாரச் செய்திகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடி ரூபாய்க் கைக்கடிகாரங்களைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் விலையோடும், அணிந்தவரின் பெயரோடும் முடிந்துவிடுகின்றன. புனலூர், ஆரியங்காவுப் பக்கமிருந்தும் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் பழுதுக்கு வரும் செங்கோட்டையில் இத்தொழில் செய்பவன் என்ற முறையில், அவற்றின் உள்ளே இருப்பதையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சட்டைப்பையில் நிமிர்ந்தே நிற்கும் கடிகாரத்தில் புவியீர்ப்பால் நேரும் பிழையைச் சமன்செய்ய, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தையும், அந்த ஆட்டத்துக்கு ஏற்பப் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் எஸ்கேப்மென்ட்டையும் ஒரு கூண்டில் பொருத்தி, பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறை சுழலவிடும் டூர்பியான் அமைப்புக்கு கடிகார வல்லுநர் ஆபிரகாம் லூயி பிரெகே 1801-இல் காப்புரிமை பெற்றார். இன்று அந்தக் கூண்டு டைட்டானியத்திலும், வெளிக்கூடு செராமிக்கிலும் கார்பன் இழையிலும் வருகின்றன. என் பார்வையில் இவற்றைவிடப் பெரிய மாற்றம், பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டுவிக்கும் மெல்லிய சுருளாக, உலோகத்துக்குப் பதில் வந்திருக்கும் சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங்தான். காந்தத்தால் அதற்குப் பாதிப்பில்லை, துருவும் பிடிக்காது.

ஆனால் உலோகச் சுருள் கோணினால், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, சாமணத்தால் நுனியைப் பிடித்து, சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒத்துவரும்வரை பொறுமையாக நிமிர்த்திவிடலாம். சிலிக்கான் சுருள் அப்படி வளையாது, உடைந்துவிடும். புதிதுதான் போட வேண்டும். அந்த உதிரிபாகத்தைப் பல நிறுவனங்கள் வெளிக்கடைகளுக்குத் தருவதில்லை. தலைமுறைகள் தாண்டி ஓடும் என்று சொல்லி விற்கும் பொருளுக்கு இது நியாயமே அல்ல. உதிரிபாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், யார் பழுதுபார்க்கலாம் என்பதை விற்கும்போதே எழுத்தில் தர வேண்டும். தங்கள் நாளிதழ் இதை வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கடிகாரம் பழுதுபார்ப்பவர்,
செங்கோட்டை.