கிணற்றடியில் ஒரு காட்டு வாழை

கோப்பாய்

அன்பின் சிவராசாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவு தணிந்திருப்பதாக எழுதியிருந்ததைப் படித்துச் சந்தோசப்பட்டேன். இங்கே எல்லாரும் சுகம். சென்ற முறை நீர் விசாரித்திருந்த வாழையைப் பற்றி இப்போது எழுதலாம், ஏனெனில் அது குலை தள்ளிப் பழுத்தும் விட்டது.

கண்டியிலிருந்து மருமகன் கொண்டுவந்த கன்றைக் கிணற்றடியில், கச்சான் காற்று இலையைக் கிழிக்காதபடி கதலிகளின் மறைவில் நட்டிருந்தேன். அதன் பெயர் மூசா வெலூட்டினா. அசாமையும் கிழக்கு இமயமலைப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட இந்தக் காட்டு இனத்தை 1875இல் வென்ட்லாண்ட், துரூடே என்ற தாவரவியலாளர்கள் விவரித்துப் பெயரிட்டார்கள். வெலூட்டினா என்றால் வெல்வெட்டைப் போன்றது என்று பொருள். காயின் மேல் விரலை ஓட்டினால் மெல்லிய மயிர் தட்டுப்படும்.

மரம் ஐந்தடிக்கு மேல் வளரவில்லை. நமது கதலியின் பொத்தி நிலத்தை நோக்கித் தொங்க, இதன் பொத்தியோ நிமிர்ந்தே நிற்கிறது. தண்ணீர் அள்ள வந்த அயலவர் ஒருவர், குலை பிழையாகத் தள்ளிவிட்டதோ என்று கவலையோடு கேட்டார். ரோசா நிற மடல் ஒவ்வொன்றின் அடியிலும், கதலியில் இருப்பது போல இரண்டு வரிசையாக அல்லாமல், ஒரே வரிசையில் மூன்று முதல் ஐந்து வரையான செம்மஞ்சள் பூக்கள்தான் இருக்கும். கீழ்ப்பூக்கள் பெண், மேலே உள்ளவை ஆண். அயலில் இதே இனத்தில் வேறு மரம் இல்லாமலே காய்த்துவிட்டது.

விரல் நீளக் காய்களும் ரோசா நிறமே. ஒரு காலை பார்த்தபோது, ஒரு பழத்தின் தோல் நுனியிலிருந்து தானாகவே பிளந்து, கீற்றுக் கீற்றாகப் பின்னோக்கிச் சுருண்டு, வெள்ளைச் சதை வெளியே தெரிந்தது. வாயில் போட்டேன், இனிப்புத்தான், ஆனால் மிளகைவிடப் பெரிய கறுத்த விதைகளே பாதிக்குமேல். நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை 33 நிறமூர்த்தங்கள் (மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகள்) கொண்ட மும்மடியங்கள், அதாவது அவை மூன்று தொகுதிகளாக உள்ளவை, ஆகவே விதை பிடிப்பதில்லை; இதற்கு இரண்டு தொகுதிகளாக 22தான், அதனால் விதை பிடிக்கிறது. மற்றப் பழங்களை அணில் கொண்டுபோய்விட்டது.

சோறு போட இலை காணாது, பழமும் தின்ன முடியாது, பிறகு எதற்கு இது என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. காலையில் தேநீரோடு கிணற்றடிக்குத்தான் போகிறேன்.

விதை முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், மாரி தொடங்கியதும் ஒரு குட்டியைக் கிழங்கோடு பெயர்த்து வைக்கிறேன். நீர் வரும்போது ஈரச்சாக்கு ஒன்று கொண்டுவாரும்.

அன்புடன்,
பாலன்