பகலிலும் இருட்டாக இருக்கும் தாராவி வீடுகளுக்கு வெளிச்சம் வேண்டி மனு

அனுப்புநர்:
கல்லி மகளிர் குழுவினர்,
90 அடி சாலை, தாராவி,
மும்பை 400017.

பெறுநர்:
மதிப்பிற்குரிய உதவி ஆணையர் அவர்கள்,
ஜி நார்த் வார்டு, பிருஹன்மும்பை மாநகராட்சி,
தாதர் மேற்கு, மும்பை.

பொருள்: கூரையில் தண்ணீர் பாட்டில் பொருத்திப் பகல் வெளிச்சம் பெற எழுத்துப்பூர்வ அனுமதியும் பொறியாளர் உதவியும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 90 அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கல்லியில் (சந்தில்) குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் நாங்கள். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும், கல்லி அவ்வளவு குறுகல். இருபுறமும் கீழ் வீடு, மேல் வீடு என்று எழும்பியிருப்பதால் வெயில் உள்ளே இறங்குவதில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு மூன்று பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், நான்காவது பக்கம் கதவு. மத்தியானம் 12 மணிக்கும் விளக்குப் போடாமல் அரிசியில் கல் பொறுக்க முடியாது.

எங்கள் பிழைப்பும் இந்த அறைகளுக்குள்தான் நடக்கிறது. முறுக்கு சுற்றுகிறோம், இட்லிக்கு மாவு அரைக்கிறோம், ரெடிமேட் துணிக்குப் பிசிறு வெட்டிப் பட்டன் தைக்கிறோம். மங்கிய வெளிச்சத்தில் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகத் தெரியும். நிறம் மாறித் தைத்தால் அந்தத் துணிக்குக் கூலி கிடையாது. மதிய ஷிஃப்ட் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் காலை முழுக்க பல்புக்குக் கீழேதான் எழுதுகிறார்கள். கரண்ட் போனால் எல்லாரும் வாசற்படிக்கு வந்துவிட வேண்டியதுதான்.

எல்இடி பல்பு போட்டால் ஆயிற்றே என்று தாங்கள் கேட்கலாம். 9 வாட் பல்பு தினமும் பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்று யூனிட்டைத் தாண்டாது, உண்மைதான். ஆனால் வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்குத் தனி மீட்டர் கிடையாது. யூனிட் கணக்கு இல்லாமல், ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார்கள். அதோடு, மழைக்காலத்தில் ஈரச் சுவரில் ஓடும் பழைய வயரை நாள் முழுக்க ஆன் செய்து வைக்கப் பயமாக இருக்கிறது. தலைக்கு மேலே இலவசமாகக் கொட்டும் வெயிலை உள்ளே விட ஒரு வழி இருக்கும்போது, அதைக் கேட்காமல் எப்படி இருப்பது?

அந்த வழி புதிதல்ல. பிரேசிலில் உபெராபா என்ற ஊரைச் சேர்ந்த அல்ஃபிரெடோ மோசெர் என்ற மெக்கானிக் 2002-இல், மின்வெட்டுக் காலத்தில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கூரையில் பொருத்திக் காட்டினார். பிலிப்பைன்ஸில் 2011 முதல் மைஷெல்டர் அறக்கட்டளை இதையே ஆயிரக்கணக்கான ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோனது.

செய்முறை எளிது. கீறல் இல்லாத, நிறமற்ற இரண்டு லிட்டர் பாட்டிலில் சுத்தமான தண்ணீர் நிரப்பி, பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச் ஊற்ற வேண்டும். பாட்டிலின் மூன்றில் ஒரு பங்கு கூரைக்கு வெளியே, மீதி அறைக்குள் தொங்கும். வெறும் ஓட்டை போட்டால் தரையில் ஒரு வட்டம் வெயில் விழும், அவ்வளவுதான். தண்ணீர் அந்த வெயிலை வளைத்து நாலா பக்கமும் பரப்புவதால் அறை முழுக்க வெளிச்சம் வருகிறது. நல்ல வெயிலில் 40 முதல் 60 வாட் குண்டு பல்பு அளவுக்குக் கிடைக்கும். மேகமூட்டத்தில் குறையும், இரவில் இருக்காது.

ஒழுகுமோ என்பதுதான் மும்பையில் எல்லாருக்கும் முதல் கவலை. அதனால் பத்ராவில் (கூரைத் தகட்டில்) நேராகப் பாட்டிலைச் சொருகக் கூடாது. சின்னத் தகரத் துண்டில் பாட்டிலை விடச் சற்றுக் குறைவான ஓட்டை போட்டு, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி மடக்கி, அதில் பாட்டிலை இறுக்கி சிலிக்கான் சீலன்ட் பூச வேண்டும். பிறகு அந்தத் தகரத்தைக் கூரையில் ரிவெட் அடித்து, சுற்றிலும் மறுபடி சீலன்ட். காய ஒரு நாள் முழுக்க ஈரம் படாமல் இருக்க வேண்டும் என்பதால் ஜூன் மழைக்கு முன்பே வேலை முடிய வேண்டும். மழைக்காலத்துக்காக நாங்கள் விரிக்கும் நீலத் தாட்பத்ரியிலும் (தார்ப்பாயிலும்) பாட்டில் வெளியே வர இடம் விட்டுத் தைக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு மாதம் பாட்டில் மூடியே கிடக்கும்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. மேலே கூரை உள்ள மாடி வீடுகளுக்கு மட்டும்தான். கீழ் வீடுகளுக்கு, எதிர்ச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே கல்லிக்குள் வரும் கொஞ்ச வெளிச்சம் கதவு வழியாக உள்ளே திரும்பும். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பத்ரா போட்ட வீடுகளில் ஓட்டை போடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அங்கே ஒரு ஷீட்டை முழுதாக எடுத்துவிட்டு வெளிச்சம் ஊடுருவும் ஃபைபர் ஷீட் போடலாம். உடையாமல் கழற்ற விவரம் தெரிந்த ஆள் வேண்டும். இதற்குத்தான் வார்டின் உதவி எங்களுக்கு மிகவும் தேவை.

பாட்டிலுக்குத் தட்டுப்பாடு இல்லை. தாராவியில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் 13-ஆம் காம்பவுண்டில் எடைக்கு எடை கிடைக்கிறது. தகர வேலை தெரிந்த பிள்ளைகள் எங்கள் கல்லியிலேயே இருக்கிறார்கள். எங்களைத் தடுப்பது பயம்தான். கூரையில் கை வைத்தால் அனுமதியில்லாத கட்டுமானம் என்று ஆகிவிடுமோ, மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில் சிக்கல் வருமோ என்று வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். தாராவி மறுசீரமைப்பு 2004-லிருந்து பேசப்படுகிறது. புது வீடு வரும்போது வரட்டும், அதுவரை பிள்ளைகள் இருட்டில் படிக்க வேண்டாம்.

எனவே, கூரையின் உயரத்தையோ அளவையோ மாற்றாமல் பாட்டிலோ ஃபைபர் ஷீட்டோ பொருத்துவது விதிமீறல் ஆகாது, மறுசீரமைப்பில் புது வீடு பெறும் தகுதியையும் பாதிக்காது என்று ஒரு கடிதம் தந்து உதவுங்கள். முதலில் எங்கள் கல்லியில் 20 வீடுகளில், வார்டுப் பொறியாளர் ஒருவர் முன்னிலையில் பொருத்திப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மின்வயர் ஓடும் இடம், ஆள் ஏறினால் தாங்காத கூரை ஆகியவற்றை அவர் முன்கூட்டியே குறித்துத் தந்தால் விபத்து நேராது. சீலன்ட், தகரம், ஃபைபர் ஷீட் செலவை ஏதேனும் நலத்திட்ட நிதியில் ஏற்க முடியுமானால் பெரிய உதவி. முடியாவிட்டாலும் பாட்டில் செலவை நாங்களே பிரித்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கடிதமும் பொறியாளரும் இல்லாமல் வேலையைத் தொடங்க முடியாது.

இந்த மனுவின் மராத்தி நகலும் குடும்பங்களின் கையெழுத்துப் பட்டியலும் இணைக்கப்பட்டுள்ளன. நேரில் பார்வையிட வருவதானால், தயவுசெய்து பகல் 11 மணிக்கு மேல் வாருங்கள். இட்லி விற்கப் போனவர்கள் அதற்குள் திரும்பிவிடுவார்கள்; எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கல்லி மகளிர் குழுவினர்,
தாராவி.