பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு கதவு

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய நாவலை அப்பா முக்குக்கடை ஜெராக்ஸில் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங்கும் பண்ணிக் கொண்டுவந்தார். நாலு நாளில் படித்து முடித்தேன். பென்சிலும் கையுமாகத்தான் படித்தேன். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவளுக்கு வெறும் கையோடு படிக்க வராது.

நன்றாக எழுதியிருக்கிறாய். பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. விடியற்காலையில் சிறை வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கிற இடம் வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் உன் தூக்குக் கைதி ஒரு கதவைத் திறந்து வேறு உலகத்துக்குப் போய்விடுகிற பதினான்காம் அத்தியாயம் எனக்கு ஒப்பவில்லை. போனில் சொன்னால், "சரிம்மா, பார்க்கிறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் தீர்ப்பு நாளைப் பற்றி. உன் கதையில் நீதிபதி தீர்ப்பை வாசிக்கிற நொடியில் உலகம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் தூக்கு, ஒன்றில் விடுதலை. நான் பார்த்த கோர்ட்டில் அன்றைக்குப் பிரிய ஒன்றும் மிச்சம் இருக்காது. எல்லாம் முன்னாலேயே நடந்திருக்கும். ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கும். பறிமுதல் மகஜரில் யாரோ படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது உனக்கு அம்மை போட்டிருந்தது. லீவு கிடைக்கவில்லை. ஒரு கொலை வழக்கு விசாரணை. கூண்டில் நின்ற சாட்சி, "இருட்டில் முகம் தெரியவில்லை" என்றார். நீதிபதியும் அப்படியே டைப் அடிக்கச் சொன்னார். என் மனசு வீட்டில் இருந்தது. "முகம் தெரிந்தது" என்று அடித்துவிட்டேன். பெஞ்ச் கிளார்க் வேகவேகமாகப் படித்துக் காட்டினார், சாட்சியும் தலையை ஆட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் ஒரு ஜூனியர் வக்கீல், சின்னப் பெண், எழுந்து அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். திருத்தி, ஓரத்தில் நீதிபதி சுருக்கொப்பம் போட்டார். இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பெண் காப்பி குடிக்க எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி முழிப்பு வந்துவிடுகிறது. உலகம் பிரிகிற இடம் எனக்குத் தெரிந்தவரை அதுதான்.

ராஜீவ் காந்தி கொலையில் பேரறிவாளன் வழக்கையே எடுத்துக்கொள். 1991ல் பத்தொன்பது வயதில் கைதானார். 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தேன் என்று வாக்குமூலம். அவை எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை நான் எழுதாமல் விட்டேன் என்று, பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013ல் வெளியில் சொன்னார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வரவில்லை, ஆளுநர் தரப்பில் ஆன தாமதத்தைப் பார்த்து அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவில் கொடுத்த விடுதலை அது. அந்த வரி காகிதத்தில் ஏறியிருந்தால் வழக்கு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று இனி எந்தக் கோர்ட்டும் சொல்லப்போவதில்லை.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். ஜப்பானில் நீ குடியிருக்கிற ஹமமாட்சுவில்தான் இவாவோ ஹகமாடாவும் அவருடைய அக்கா ஹிடெகோவும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதினாய் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே புரிந்துவிட்டது. நானும் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1966ல் ஷிமிசுவில், சோயாவை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து மிசோ என்ற விழுது செய்கிற ஒரு தொழிற்சாலையின் நிர்வாகி குடும்பத்தில் நாலு பேர் கொலை, வீட்டுக்குத் தீ. அங்கே வேலை பார்த்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஹகமாடாவைப் பிடித்து, நாள்கணக்கில் தூங்கவிடாமல் விசாரித்து ஒப்புதல் வாங்கினார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, கொலை நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, மிசோ தொட்டிக்குள்ளிருந்து ரத்தம் பட்ட துணிகள் ஐந்து கிடைத்தன. இதைப் படிக்கும்போது எனக்கு நம்ம வீட்டு ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வந்தது. ஆவணியில் போட்ட நார்த்தங்காய் அடுத்த ஆவணியில் என்ன நிறமாக இருக்கும்? உப்பும் புளிப்பும் ஒரு வருஷம் ஊறின தொட்டியில் ரத்தம் சிவப்பாகவே இருந்ததாம். பின்னால் மேல்முறையீட்டில் போட்டுப் பார்த்தபோது அந்தக் கால்சட்டை அவர் தொடையைத் தாண்டி ஏறவில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே, 1968ல், மரண தண்டனை கொடுத்திருந்தார்கள்.

மூன்று நீதிபதிகளில் இளையவர் குமமோட்டோ. அவர் விடுதலைத் தீர்ப்பை எழுதி வைத்திருந்தார். மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. முறைப்படி தூக்குத் தீர்ப்பையும் அவரே எழுத வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் வேலையை விட்டார். 2007ல்தான் வாயைத் திறந்தார். ஒரே மேஜையில், ஒரே கையெழுத்தில், ஒரே மனிதரைப் பற்றி இரண்டு தீர்ப்பு! எத்தனையோ தீர்ப்பை டைப் அடித்தவள் நான். அந்த இரண்டாவதை எழுதும்போது அவர் கை எப்படி ஓடியிருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நீ இந்த மனிதரை உன் நாவலில் கொண்டுவரவே இல்லை. ஏன்?

சரி, கதவு விஷயம். எவரெட் என்ற இயற்பியல்காரர் 1957ல் எழுதினதைப் போன தீபாவளிக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். அணு அளவில் ஒன்றை அளந்தால் வரக்கூடிய விடைகள் எல்லாமே வருகின்றன, ஒவ்வொன்றும் ஒரு கிளையில். நடைமுறையில் ஒரு கிளைக்காரர் இன்னொரு கிளைக்குப் போக முடியாது, சேதியும் அனுப்ப முடியாது என்றாய். நீயே சொல்லிவிட்டு, உன் கைதியைக் கதவு திறந்து அந்தப் பக்கம் அனுப்பிவிட்டாய். விடுதலையான கிளையில் ஏற்கெனவே ஒருவன் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருப்பானே, அவன் என்ன ஆனான்? இந்தக் கிளையில் ஒன்றாம் தேதி பார்க்க வருகிற அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

ஹகமாடா ஒரு கதவைத் திறந்தார், தேன்மொழி. அங்கே தண்டனை நாளை முன்கூட்டிச் சொல்வதில்லை, அன்று காலையில்தான் சொல்வார்கள். அப்படி எத்தனை ஆயிரம் காலை! 1980ல் மேல்முறையீடும் போனபின் மெல்ல மெல்ல அவர் பேச்சு மாறியது. வழக்கே இல்லை என்றார். நானே கடவுள் என்றார். எனக்கு அக்கா இல்லை என்று சொல்லிப் பல வருஷம் ஹிடெகோவைப் பார்க்க மறுத்தார். அவர் போன உலகத்தில் தூக்கு இல்லை, கோர்ட் இல்லை. உடம்பு மட்டும் இங்கே அறையில் இருந்தது. அக்கா மாசாமாசம் போனார், பார்க்க முடியாமல் திரும்பினார், மறுபடி போனார்.

2014ல் மறுவிசாரணைக்கு உத்தரவாகித் தம்பி வெளியே வந்தார். 2024 செப்டம்பரில் ஷிசுவோக்கா கோர்ட், ஆதாரம் ஜோடிக்கப்பட்டது என்று சொல்லி விடுதலை செய்தபோது அவருக்கு 88 வயது, அக்காவுக்கு 91. தீர்ப்பைக் கேட்கத் தம்பியால் வர முடியவில்லை. கோர்ட்டில் அக்காதான் நின்றார். மறு வருஷம் நஷ்டஈடு கொடுத்தார்கள், உள்ளே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 12,500 யென். சட்டத்தில் அதுதான் உச்சத் தொகையாம்.

அதனால் கேட்கிறேன், கதவு இருக்கட்டும், அவனும் போகட்டும். ஆனால் அந்த அத்தியாயத்தை அக்காவின் பக்கத்திலிருந்து எழுதிப் பார். உன் நாவலில் அவள் மொத்தம் இரண்டு இடத்தில்தான் வருகிறாள், இரண்டிலும் அழுதுகொண்டு. சந்திப்பு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி உட்கார்ந்திருக்கிறான், கண் வேறெங்கோ இருக்கிறது. அவள் வீட்டுச் சேதியெல்லாம் சொல்லி முடிக்கிறாள். நேரம் ஆகிவிட்டது என்கிறார்கள். எழுந்து, அடுத்த மாசம் எந்த ரயில் என்று பார்த்துக்கொண்டே வெளியே போகிறாள். இவ்வளவு போதும்.

என் பென்சில் போட்ட பிரதியை மேலவீட்டு அக்கா மகன் ஜப்பான் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன், கூடவே நார்த்தங்காய் ஊறுகாயும். 212ஆம் பக்கத்தில் "சாட்சி" இரண்டு இடத்தில் "சாட்டி" என்று விழுந்திருக்கிறது, திருத்திவிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குளிர் தொடங்கிவிட்டதா?

அன்புடன்,
அம்மா